லாரி டீசல் எஞ்சினின் டாப்பட் கவரை மாற்றி மெருகேற்றினால் எஞ்சினுக்குக் கெடுதலா?

உங்கள் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரியா பாருங்கள். பழைய ஆறு சிலிண்டர் டீசல் லாரி எஞ்சின். எஞ்சினின் மேலே வால்வுப் பாகங்களை மூடும் தகட்டு டாப்பட் கவரின் ஓரத்தில் ஆயில் கசிகிறது. அதைக் கழற்றிவிட்டு, வரிவரியாகத் துடுப்பு வைத்த வார்ப்பு அலுமினியக் கவர் வாங்கி, பாலிஷோ பவுடர் கோட்டிங்கோ செய்து மாட்ட ஆசை. சூடும் சத்தமும் குறையும் என்று விற்பவர் சொல்கிறார். நீங்களே செய்துகொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். நாலைந்து கேள்வி மாதிரித் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: பார்வைக்காகச் செய்யும் வேலை, நன்றாக ஓடும் எஞ்சினைக் கெடுத்துவிடுமோ என்ற பயம்.

அந்தப் பயம் நியாயமானது. பல வருடமாக டீசல் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) வேலையிலேயே இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கவரின் வெளிப்பக்கத்தில் நீங்கள் என்ன செய்தாலும் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. கவரின் உள்பக்கம், பேக்கிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் அல்லது கார்க் பட்டை) உட்காரும் விளிம்பு, எஞ்சின் மூச்சுவிடும் வழி, இந்த மூன்றில் கை வைக்கும்போதுதான் கேடு வருகிறது. அதனால் பெயின்ட் பேச்சுக்கு முன்னால் இந்த மூன்றையும் பேசிவிடுகிறேன். எஞ்சின் மாடலை நீங்கள் எழுதவில்லை. எல்லா டீசலுக்கும் பொருந்துவதைப் பொதுவாகவும், மாடலுக்கு மாடல் மாறுவதைத் தனியாகவும் சொல்கிறேன்.

முதலில், கசிவு ஏன் வருகிறது என்று பார்க்காமல் கவரை மாற்றாதீர்கள். டாப்பட் கவருக்குள் கம்ப்ரஷன் அழுத்தம் கிடையாது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் கொஞ்சம் வாயு மட்டும் எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸில் சேர்ந்து, ப்ரீதர் என்ற மூச்சுக்குழாய் வழியாக வெளியே போகும். அந்த அழுத்தத்தைத் தண்ணீர் மட்டத்தில்தான் அளப்போம், அவ்வளவு சிறியது. ப்ரீதர் குழாய் அடைத்துக்கொண்டாலோ, ரிங் தேய்ந்து ப்ளோ-பை (அப்படி இறங்கும் வாயு) கூடினாலோ அது ஏறும். ஏறினால் எங்கே பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும். டாப்பட் கவர் பேக்கிங்கில் முதலில் தெரியலாம், பின்பக்க கிராங்க் சீலில் தெரியலாம். இந்த நிலையில் எவ்வளவு நல்ல கவர் போட்டாலும் ஒன்று அதிலேயே மறுபடி கசியும், இல்லை வேறு இடத்தில் கசியும். ப்ரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். ஐடிலில் ஆயில் மூடியைத் தலைகீழாக வைத்து, அது துள்ளுகிறதா என்று பார்க்கும் பழக்கம் பலருக்கும் உண்டு. நான் அதை நம்புவதில்லை. வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆடுகிற காற்றுக்கே நல்ல எஞ்சினிலும் மூடி துள்ளும். சந்தேகம் இருந்தால், தண்ணீர் ஊற்றிய யூ வடிவ ட்யூபை இணைத்து அளந்து, சர்வீஸ் புத்தகத்தில் உங்கள் மாடலுக்குக் கொடுத்திருக்கும் அளவோடு ஒப்பிடுவதுதான் சரியான வழி.

ப்ரீதர் சரியாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் விளிம்புதான். தகட்டுக் கவரை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக இறுக்கி இறுக்கி, போல்ட் துளையைச் சுற்றிய தகடு கீழ்ப்பக்கம் குழிந்துவிடும். அப்போது துளைக்குப் பக்கத்தில் பேக்கிங் நசுங்கும், இரண்டு துளைக்கு நடுவில் பேக்கிங்கைத் தொடக்கூடத் தொடாது. கவரைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து ஓரத்தில், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். துளையைச் சுற்றி, மரக்கட்டை மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டிச் சமமாக்கினால் போதும். அதாவது கசிவு மட்டும்தான் உங்கள் கவலை என்றால் பழைய கவரைச் சமப்படுத்தி, புதுப் பேக்கிங் போட்டாலே தீர்ந்துவிடும். அழகும் வேண்டும் என்றால் மேலே படியுங்கள். அதில் தப்பே இல்லை. நல்ல எஞ்சினைப் பார்க்க நன்றாக வைத்துக்கொள்பவர், கசிவையும் சீக்கிரம் கவனிப்பார் என்பது என் அனுபவம்.

புதுக் கவர் வாங்கும்போது வெளிப்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் கவிழ்த்து உள்ளே பாருங்கள். பழைய கவரில் ப்ரீதர் துளைக்கு அடியில் ஒரு தடுப்புத் தகடு இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும். ராக்கர் தெறிக்கும் ஆயில் நேராக ப்ரீதருக்குள் போகாமல் தடுப்பதும், வாயுவோடு வரும் ஆயில் துளிகளைப் பிடித்துத் திருப்பி விடுவதும் அதன் வேலை. பல எஞ்சின்களில் ப்ரீதரின் மறுமுனை டர்போவுக்கு முன்னால் காற்றுக் குழாயில் சேர்கிறது. தடுப்புத் தகடு இல்லையென்றால் ஆயில் அந்த வழியாக உள்ளே உறிஞ்சப்படும். கொஞ்சம் போனால் புகை, இன்டர்கூலர் முழுக்க ஆயில். நிறையப் போனால் எஞ்சின் அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை, பழைய வகைகள் பலவற்றில் காற்றை அடைக்கும் வால்வும் கிடையாது, அதனால் டீசலை நிறுத்தினாலும் ஓடும். தடுப்பு இல்லாத எல்லாக் கவரிலும் இது நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ப்ரீதர் கவரிலேயே இல்லாத எஞ்சின்களும் உண்டு, அங்கே இந்தக் கவலை இல்லை. ஆனால் ப்ரீதர் கவரில் இருக்கிறது, காற்றுக் குழாயில் சேர்கிறது, புதுக் கவரில் தடுப்பு இல்லை என்ற மூன்றும் சேர்ந்தால் அந்தக் கவரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது உயரமும் இடமும். வெளியே எல்லாம் பொருந்தினாலும் உள்ளே ராக்கர் கவரை இடிக்கலாம். இதைப் பார்க்க எளிய வழி, பிள்ளைகள் விளையாடும் களிமண். வால்வு முழுதும் மூடியிருக்கும்போது ராக்கரில், அதைக் கீழிருந்து தள்ளும் புஷ் ராடு இருக்கும் பக்கம் மேலே வராது, திறக்கும்போது வரும். அதனால் ஒரு நிலையில் பார்த்தால் போதாது. ராக்கரின் இரண்டு முனையிலும், அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவின் தலையிலும் சின்ன உருண்டை களிமண் வையுங்கள். பேக்கிங்கோடு கவரை வைத்து, இரண்டு போல்ட்டை லேசாகப் பிடித்துவிட்டு, கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். கவரை எடுத்துப் பார்த்தால் களிமண் எங்கே நசுங்கியது, மீதி எவ்வளவு தடிமன் என்று தெரியும். மீதம் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குக் குறைவு என்றால் நான் மாட்ட மாட்டேன். வேலை முடிந்ததும் களிமண்ணைத் துளிகூட விடாமல் எடுத்துவிட வேண்டும். வெளிப்பக்கம் துடுப்புகள் டீசல் குழாயிலோ, காற்றுக் குழாயிலோ, கேபின் அடிப்பக்கத்திலோ உரசுகிறதா என்றும் பாருங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்து ஆடும், நிற்கும்போது உள்ள இடைவெளி ஓடும்போது இருக்காது. டீசல் குழாய் உரசித் தேய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாடலுக்கு மாடல் மாறுவது இங்கேதான் அதிகம். கம்மின்ஸ் 6பிடி மாதிரி 12 வால்வு எஞ்சினில் சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு சின்னக் கவர், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே போல்ட். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல எஞ்சின் இல்லை. அதன் பின் வந்த 24 வால்வு மாடலில் ஒரே நீளக் கவர். ஃபோர்டின் 7.3 பவர் ஸ்ட்ரோக்கில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும், குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் க்ளோ ப்ளக்குக்கும் போகும் ஒயரிங்கின் கனெக்டர் கவர் பேக்கிங்கிலேயே இருக்கிறது. அதை அலட்சியமாக மாட்டினால் கனெக்டர் கழன்று அந்தப் பக்க சிலிண்டர்கள் அடிக்காமல் போகலாம். அதன் இன்ஜெக்டருக்குப் போகும் மின்சாரம் 100 வோல்ட்டைத் தாண்டும். எஞ்சின் ஓடும்போது அந்த ஒயரைத் தொடக் கூடாது. டியூராமேக்ஸ் 6.6-இன் முதல் தலைமுறையான எல்பி7-இல் இன்ஜெக்டர்களே கவருக்கு அடியில் இருந்தன, அடுத்து வந்த எல்எல்ஒய்-யில்தான் வெளியே கொண்டுவந்தார்கள். உங்கள் எஞ்சின், இன்ஜெக்டர்களை மின்சாரத்தால் இயக்கும் காமன் ரெயில் வகை என்றால், கவரைத் தொடுவதற்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், எந்தக் கிளிப் எங்கே இருந்தது என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய மெக்கானிக்கல் பம்ப் வகை என்றால் இதெல்லாம் இல்லை.

சரி, விற்பவர் சொன்ன சூடும் சத்தமும். துடுப்பு வைத்தால் பரப்பு கூடும், அது உண்மை. ஆனால் எஞ்சின் ஆயிலின் சூட்டை எடுப்பது ஆயில் கூலரும், அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பும்தான். டாப்பட் கவரின் உள்பக்கத்தில் படுவது தெறிக்கும் கொஞ்சம் ஆயில், வெளியே அடிப்பது பெரும்பாலும் ஏற்கெனவே சூடான எஞ்சின் அறைக் காற்று. இதனால் ஆயில் சூடு மீட்டரில் தெரிகிற அளவுக்குக் குறையும் என்று நான் நம்பவில்லை. துடுப்பை அழகு என்று வாங்குங்கள், கூலர் என்று வாங்காதீர்கள். சத்தம் வேறு கதை. எஞ்சினிலிருந்து வெளிவரும் சத்தத்தில் டாப்பட் கவருக்குக் கணிசமான பங்கு உண்டு. அதனால்தான் பல நிறுவனங்கள் கவரை ரப்பர் புஷ்ஷில் மிதக்க விட்டிருக்கின்றன. கனமான வார்ப்புக் கவர், மெல்லிய தகட்டைவிடக் குறைவாக அதிரலாம். ஆனால் ரப்பரில் மிதந்த கவரைக் கழற்றிவிட்டு, ஹெட்டோடு நேராக இறுகும் கவரைப் போட்டால் சத்தம் கூடவும் செய்யலாம். இரண்டில் எது நடக்கும் என்று மாட்டிக் கேட்காமல் யாராலும் சொல்ல முடியாது.

அலுமினியத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரு விஷயம், அது வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பது. ஒரு மீட்டர் நீள அலுமினியம் 80 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 1.8 மில்லிமீட்டர் நீளும். அடியில் இருக்கும் வார்ப்பிரும்பு ஹெட் அதே சூட்டில் 0.9 மில்லிமீட்டர்தான் நீளும். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் அந்த வித்தியாசத்தைப் பேக்கிங்தான் தாங்குகிறது. ஆறு சின்னக் கவர் என்றால் இது ஒரு பொருட்டே இல்லை. ஒரே நீளக் கவர் என்றால், போல்ட் துளைகள் போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கின்றனவா, கவரோடு வரும் பேக்கிங் ரப்பர் வகையா என்று பார்த்து வாங்குங்கள். தகட்டுக் கவரின் பழைய கார்க் பேக்கிங்கை நீள அலுமினியக் கவருக்கு அடியில் போட்டால் முதல் சில மாதம் நன்றாக இருந்து, அப்புறம் மூலைகளில் கிழியும். விளிம்பு சமமாகக் கடையப்பட்டிருக்கிறதா என்பதையும் நேரான ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். மலிவான வார்ப்பில் விளிம்பு வளைந்தே வரும்.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். கவரைப் பெயின்டுக்குத் தயார் செய்ய எல்லோரும் முதலில் ஓடுவது சாண்ட் பிளாஸ்டிங்குக்கு. மணலோ, கண்ணாடி மணியோ அடித்தால் பத்து நிமிடத்தில் பளிச்சென்று வந்துவிடும். ஆனால் அந்தத் தடுப்புத் தகடு ரிவிட்டோ வெல்டோ வைத்து அடைத்திருந்தால், அதற்கும் கவருக்கும் நடுவிலுள்ள பொந்தில் மணல் போய் உட்காரும். பழைய ஆயில் கசடு உள்ளே இருக்கும், மணல் அதில் அப்பிக்கொள்ளும். கழுவினாலும் வராது, ஊதினாலும் வராது. எஞ்சினில் மாட்டி, சூடான ஆயில் மணிக்கணக்கில் தெறித்த பிறகு கசடு இளகி, மணல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். முதலில் விழுவது ராக்கரின் நடுத்துளையில் இருக்கும் புஷ் மேல். அப்புறம் வடிகால் துளை வழியாகக் கீழே கேம், சம்ப், ஆயில் பம்ப். ஃபில்டர் பம்புக்கு அப்புறம்தான் வருகிறது. பம்பைக் காப்பாற்ற அதனால் முடியாது.

பாலிஷ் கடையிலிருந்து கழுவி, காற்றடித்து, உறையில் போட்டு வந்த ஒரு கவரின் தடுப்புத் தகட்டை ரிவிட் துளைத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். வெளியே கண்ணாடி மாதிரி இருந்தது. தகட்டைத் தூக்கியதும் மூலையில் கறுப்புப் பசை, அதில் சர்க்கரை தூவினதுபோல் கண்ணாடி மணி. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறத்தது. அந்தக் கடைக்காரர் கவனக்குறைவாகச் செய்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, தகட்டுக்குப் பின்னால் பொந்து இருப்பது வெளியிலிருந்து தெரியாது. ஆகவே விதி இதுதான்: தடுப்புத் தகட்டைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு பிளாஸ்டிங் செய்யுங்கள். கழற்ற முடியாவிட்டால் பிளாஸ்டிங் வேண்டாம். துளைகளை டேப் ஒட்டி அடைத்தால் போதும் என்பார்கள், அந்தக் காற்று வேகத்தில் டேப் நிற்காது. சமையல் சோடாவை வைத்து அடிக்கும் முறை ஒன்று உண்டு. சோடா தண்ணீரில் கரையும் என்பதால் மிச்சம் இருந்தாலும் கழுவினால் போய்விடும். கண்டிப்பாக அடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் அதைத் தேடுங்கள். சந்தேகத்துக்கு, கழுவிக் காயவைத்த கவரை வெள்ளைத் தாள் மேல் பிடித்து ரப்பர் சுத்தியலால் எல்லாப் பக்கமும் தட்டிப் பாருங்கள். ஒரு துகள் விழுந்தாலும் வேலை முடியவில்லை என்று அர்த்தம். புது வார்ப்புக் கவருக்கும் இதே சோதனை தேவை, அச்சு மணலும் கடைசல் பிசிறும் உள்மூலைகளில் இருக்கும்.

பிளாஸ்டிங் இல்லாமல் பெயின்டை எடுப்பது மெதுவான வேலை, ஆனால் முடியும். பெயின்ட் ரிமூவர், பித்தளை பிரஷ், சூடான சோப்புத் தண்ணீர். அலுமினியம் என்றால் காஸ்டிக் சோடா கலந்த எதிலும் ஊறப்போடாதீர்கள். அது இரும்பின் பெயின்டை எடுக்கும், அலுமினியத்தையே கரைக்கும். கரையும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும், அது தீப்பிடிக்கும். ஹெட்டைச் சுத்தம் செய்யும் சூடான தொட்டி சில பட்டறைகளில் காஸ்டிக் தொட்டியாகத்தான் இருக்கும். கவரைக் கொடுக்கும்போது கேட்டுவிடுங்கள்.

பெயின்டில் பலரும் ஏமாறுவது சூடு பற்றிய எண்ணத்தில். டாப்பட் கவர் ஆயிலின் சூட்டைத்தான் காணும், சுமார் 90 முதல் 120 டிகிரி. 600 டிகிரி தாங்கும் சைலன்சர் பெயின்ட் இங்கே தேவையில்லை. அது நல்ல சூட்டில் வெந்தால்தான் கெட்டிப்படும், கவரில் அந்தச் சூடு வராததால் கடைசிவரை மாவு மாதிரியே இருந்து, டீசல் பட்டால் கையோடு வரும். இங்கே சூட்டைவிடப் பெரிய எதிரி டீசலும் ஆயிலும். சாதாரண எஞ்சின் எனாமல் போதுமானது. டீசல் அடிக்கடி சிந்தும் இடம் என்றால் இரண்டு கலவை சேர்த்து அடிக்கும் பாலியுரிதேன் இன்னும் நன்றாக நிற்கும். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடி இல்லாமல் வீட்டில் ஸ்ப்ரே செய்யவே கூடாது. பட்டறையில் கொடுங்கள்.

எனக்குப் பிடித்தது பவுடர் கோட்டிங். அடியும் தாங்கும், டீசலும் தாங்கும். 180 முதல் 200 டிகிரி அடுப்பில் வேகவைப்பார்கள், அதனால் ரப்பர், பிளாஸ்டிக், பிசின் எல்லாவற்றையும் முன்பே கழற்ற வேண்டும். பிளாஸ்டிக் கவர் என்றால் இந்த வழியே வேண்டாம். பல வருடம் ஓடிய வார்ப்பு அலுமினியத்தின் துளைகளில் ஆயில் ஊறியிருக்கும். அதை நேராகப் பவுடர் அடித்து அடுப்பில் வைத்தால் ஆயில் ஆவியாகி, பூச்சில் ஊசித் துளைகளாக வெடிக்கும். முதலில் வெறும் கவரை, பவுடர் வேகும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒருமுறை சூடேற்றி, வியர்ப்பதைத் துடைத்துவிட்டு அப்புறம் அடிக்கச் சொல்லுங்கள். பேக்கிங் விளிம்பு, போல்ட் தலை உட்காரும் வட்டம், ஆயில் மூடியின் மரை, இந்த மூன்றிலும் பவுடர் படக் கூடாது. போல்ட் தலைக்கு அடியில் பூச்சு இருந்தால் சூட்டில் அது மெல்ல நசுங்கும், நீங்கள் இறுக்கிய இறுக்கம் போய்விடும். கவர் போல்ட்டில் எர்த் ஒயர் பிடித்திருந்தால் அங்கேயும் உலோகம் வெறுமனே இருக்க வேண்டும்.

உள்பக்கத்துக்கு எந்தப் பூச்சும் வேண்டாம். வெளியே உரிந்தால் அசிங்கம், அவ்வளவுதான். உள்ளே உரிந்தால் ஆயில் பம்பின் ஸ்ட்ரெய்னரில் போய் ஒட்டும். குரோம் பூசிய மெல்லிய தகட்டுக் கவர்களை நான் சிபாரிசு செய்யாததற்கும் இது ஒரு காரணம், மலிவானவற்றில் உள்பக்கக் குரோம் செதில் செதிலாக வரும்.

பாலிஷ் வேண்டும் என்றால் உழைப்புக்குத் தயாராகுங்கள். 180 அல்லது 220 எமரியில் வார்ப்பின் சொரசொரப்பை எடுத்து, 320, 400, 600, 800 என்று ஏறி, கடைசியில் பஃபிங் சக்கரமும் மெழுகும். ஒரு நம்பரின் கீறல் முழுதும் மறையாமல் அடுத்த நம்பருக்குப் போனால், பளபளப்பு வந்த பிறகு அந்தக் கீறல் எழுந்து நிற்கும். துடுப்புகளின் நடுப்பள்ளத்தைப் பாலிஷ் செய்ய முயலாதீர்கள், பள்ளத்தில் கறுப்பு எனாமல் அடித்து மேல்முகட்டை மட்டும் பளபளப்பாக்குவதே நல்ல பார்வை. அலுமினியத் தூள் எளிதில் எரியும். இரும்பு தீட்டிய அதே சக்கரத்தில் அலுமினியத்தைத் தீட்டாதீர்கள், தூளைக் குவிய விடாதீர்கள். பாலிஷ் மேல் கிளியர் கோட் அடித்தால் நிலைக்கும் என்று நினைப்பார்கள். வழுவழுப்பான பரப்பில் அது பிடிக்காது, ஓரத்தில் மஞ்சளாகி உரியும். அவ்வப்போது மெழுகு போட்டுத் துடைப்பதே வழி. கலர் ஆனோடைசிங் (மின்சாரம் வைத்து அலுமினியத்தின் மேல்பரப்பில் நிறம் ஏற்றுவது) பற்றிக் கேட்பவர்களுக்கு: வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கான் அதிகம், அதனால் பளிச்சென்ற நிறம் வராது, சாம்பல் கலந்த மங்கலாகத்தான் வரும்.

நிறம் உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால் வெளிர் நிறம். சிறு கசிவுகூட அன்றே கண்ணில் படும்.

மாட்டும் நாளில், கவரைத் திறப்பதற்கு முன் ஹெட்டைச் சுற்றிலும் டீசலும் பிரஷும் வைத்துக் கழுவி, காற்றடித்துக் காயவையுங்கள். போல்ட் குழியில் இருக்கும் மண் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும், பிளாஸ்டிங் பற்றிச் சொன்ன கதைதான். திறந்ததும் புஷ் ராடு துளைகளிலும் வடிகால்களிலும் நூல் பிரியாத துணியை அடையுங்கள், எத்தனை துணி என்று எண்ணி எழுதி வையுங்கள். ஆறு தனிக் கவர் என்றால் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுங்கள். திறந்ததே திறந்தோம், வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளியான டாப்பட் கிளியரன்ஸையும் பார்த்துவிடுங்கள். 6பிடி-யில் எஞ்சின் 60 டிகிரிக்குக் கீழே ஆறியிருக்கும்போது இன்டேக் 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.51 மில்லிமீட்டர். உங்கள் எஞ்சின் வேறு என்றால் அளவும் வேறு, புத்தகத்தில் பார்க்காமல் தொடாதீர்கள்.

ஹெட்டின் முகத்தில் ஒட்டிய பழைய பேக்கிங்கைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள், சுழலும் பிரஷ் வேண்டாம், அதன் தூள் ஆயிலில் போகும். ரப்பர் பேக்கிங்குக்குப் பசையோ சிலிக்கானோ தேவையில்லை. போட்டால் பேக்கிங் வழுக்கிக்கொண்டு, இறுக்கும்போது வெளியே பிதுங்கிவிடும். முன் மூடியும் ஹெட்டும் சேரும் மூலை மாதிரி இடங்களில் மட்டும், புத்தகம் சொன்னால், பட்டாணி அளவு சிலிக்கான். கார்க் என்றால் கவர் பக்கம் மட்டும் பசை, ஹெட் பக்கம் உலர்வாக. போல்ட்டுகளை முதலில் கையால் எல்லாம் மாட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு சுற்றாக, இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். 6பிடி-யின் கவர் போல்ட்டுக்கு 24 நியூட்டன் மீட்டர். சின்னப் போல்ட் உள்ள எஞ்சின்களில் இதைவிட மிகக் குறைவாக இருக்கும், அங்கே இந்த அளவைப் போட்டால் மரை போய்விடும்.

இதெல்லாம் நீங்களே செய்யக்கூடியதுதான். டார்க் ரெஞ்சும் ஃபீலர் கேஜும் பொறுமையும் இருந்தால் போதும், பவுடரும் ஸ்ப்ரேயும் மட்டும் வெளியே கொடுங்கள். எனாமல் அடித்திருந்தால் முதல் சில ஓட்டம் முடிந்து அது நன்றாகக் கெட்டிப்படும்வரை டீசல் துணியால் துடைக்காதீர்கள். ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் டார்ச் அடித்து விளிம்பு முழுதும் ஒரு சுற்றுப் பாருங்கள், டர்போ பக்கத்தை இரண்டு தடவை பாருங்கள். முழு பாரத்தில் அங்கே எக்ஸாஸ்ட் 600 டிகிரியைத் தொடும், சொட்டும் ஆயில் தீப்பிடிக்க அது போதும். முதல் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு எஞ்சின் ஆறியதும் மறுபடி பாருங்கள். கார்க் போட்டிருந்தால் அப்போது ஒருமுறை அதே டார்க்கில் சரிபார்க்கலாம், ரப்பர் என்றால் தொட வேண்டாம். எங்காவது ஈரம் தெரிந்தால் அதில் மிக உயரமான இடம் எது என்று தேடுங்கள், ஆயில் கீழேயும் பின்னாலேயும்தான் ஓடும். அந்த இடம் கவர் விளிம்பு என்றால் போல்ட்டை மேலும் இறுக்காமல் கவரைக் கழற்றி, பேக்கிங்கில் பதிந்திருக்கும் தடத்தைப் பாருங்கள். தடம் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே விளிம்பு பேக்கிங்கைச் சரியாக அழுத்தவில்லை, சமப்படுத்த வேண்டியது அந்த இடம்தான்.